வீட்டில் தோட்டா ரீலோடிங்: நீள்தூர ரைபிள்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸ் பக்கம், 600 கெஜம், 1000 கெஜம் என்று நீள்தூரம் சுடப் பழகும் நம் ஆட்கள் ரேஞ்சிலும் வாட்ஸப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டம்தான், இந்தியா பற்றித் தனியாகக் கடைசியில் இருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டா என்றால் இங்கே முழுத் தோட்டா. அதில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர், முனையில் குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் ரீலோடிங்.

கடையிலேயே நல்ல தோட்டா கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

200 கெஜத்துக்குள் சுடுபவர் என்றால் தேவையே இல்லை, கடைத் தோட்டாவே போதும். பணம் மிச்சமாகும் என்று வருகிறவர்களும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். அழுத்தும் எந்திரமான பிரஸ், கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை, தராசு என்று முதலில் போடும் காசைத் திரும்ப எடுக்க நாளாகும், அதோடு செலவு குறைகிறதென்று இரண்டு மடங்கு சுடுவீர்கள்.

உண்மையான காரணம் வேகம் சீராக இருப்பது. 6.5 கிரீட்மோர் மாதிரித் தோட்டா போடும் ஒரு ரைபிளில் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே விநாடிக்கு 30 அடி வேக வித்தியாசம் இருந்தால் 100 கெஜத்தில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே வித்தியாசம் 1000 கெஜத்தில் குண்டை அரை அடிக்கு மேல் ஏற்றியோ இறக்கியோ விடும். அந்தத் தூரத்தில் எஃப்-கிளாஸ் போட்டி இலக்கின் பத்துப் புள்ளி வட்டமே 10 அங்குலம்தான்.

அண்ணா, நான் எச்1பி-ல இருக்கேன். துப்பாக்கி வாங்கல, ரீலோடிங் மட்டும் கத்துக்கலாமா?

வேண்டாம். கூட்டாட்சிச் சட்டத்தில், குடியேற்ற விசா அல்லாமல் எச்1பி, எச்4, எஃப்1 போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், அந்தச் சட்டத்தின் வரையறைப்படி பிரைமர், பவுடர், கூடு, குண்டு எல்லாமே தனித்தனியாகவும் 'தோட்டா'தான். அதாவது ஒரு டப்பா பிரைமர் வீட்டில் இருந்தாலே பிரச்சினை. 2022-க்குப் பிறகு இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை, கிரீன் கார்டு கனவு போவது தனிக்கதை.

ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அந்த விலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த விசாத் தடை கிடையாது, அப்போதும் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லினாயில் ஃபாய்ட் கார்டு என்னும் துப்பாக்கி உரிமையாளர் அட்டை இல்லாமல் தோட்டா வைத்திருக்க முடியாது.

ரீலோட் பண்ண லைசென்ஸ் வேணுமா? ஃப்ரெண்ட்ஸுக்கு விக்கலாமா?

சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தோட்டா உற்பத்தியாளர் லைசென்ஸ் வேண்டும், அதில் 06-வது வகை. காசு வாங்காமல் கொடுக்கலாமே என்றால், என் பழக்கம் கொடுப்பதில்லை. என் ரைபிளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த தோட்டா இன்னொருவர் ரைபிளில் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு ஏதாவது ஆனால் நட்பும் போச்சு, வழக்கும் வரும்.

வீட்ல பவுடர் வெச்சா வீடே வெடிச்சிடாதா? வீட்டுக்காரி கேக்கறா.

நியாயமான கேள்வி. புகையற்ற பவுடர் திறந்த வெளியில் பற்றினால் வேகமாக, கடுமையான சூட்டோடு எரியும், ஆனால் வெடிக்காது. அடைபட்ட இடத்தில் பற்றினால்தான் அழுத்தம் ஏறி வெடிக்கும். கம்பெனி டப்பாவை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்திருப்பது அதனால்தான், அழுத்தம் ஏறுவதற்குள் டப்பா பிய்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் பவுடரைவிட அதிகம் பயப்பட வேண்டியது பிரைமருக்கு. அது நிஜமாகவே வெடிபொருள், அடிபட்டால் வெடிக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கம்பெனி தரும் தட்டில் ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும், ஒன்று வெடித்தாலும் பக்கத்தில் உள்ளது வெடிக்காமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. அதையெல்லாம் கொட்டி ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும், கண்ணாடிச் சில்லோடு.

அப்போ துப்பாக்கி வைக்கிற இரும்பு பெட்டியிலேயே பூட்டி வெச்சிடலாமா?

கூடாது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் மேலே சொன்ன கணக்கில் பார்த்தால் கெட்டியான, காற்றுப் புகாத இரும்புப் பெட்டிதான் அடைபட்ட இடம். வீடு தீப்பிடித்தால் அந்தப் பெட்டி வெடிகுண்டாகிவிடும். ஒரு அங்குல கனப் பலகையில் செய்த மரப்பெட்டி போதும். குளிர்ந்த, ஈரமில்லாத இடமாக, வாட்டர் ஹீட்டரிலிருந்து தள்ளி, குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பவுடரும் பிரைமரும் ஒரே பெட்டியில் வேண்டாம்.

அளவுக்கு அமெரிக்கத் தீயணைப்புத் தரம் என்எஃப்பிஏ 495-ஐப் பலரும் பின்பற்றுகிறார்கள். அதன்படி வீட்டில் பவுடர் 20 பவுண்டு வரை கம்பெனி டப்பாவிலேயே வைக்கலாம், அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் நான் சொன்ன மரப்பெட்டி வேண்டும், பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படியுங்கள்.

எத்தனை கிரெய்ன் பவுடர் போடணும்? நீங்க போடறதையே சொல்லிடுங்களேன், முடிஞ்சுது.

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். (கிரெய்ன் என்பது பவுடரை நிறுக்கும் சின்ன எடை அலகு.) என் கூடு வேறு, பேரலில் தோட்டா உட்காரும் அறையான சேம்பர் வேறு, என் குண்டு வேறு. எனக்குச் சரியாக இருக்கும் அளவு உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். ஹாட்ஜ்டன் போன்ற பவுடர் கம்பெனிகள் இணையத்திலேயே அளவுப் பட்டியலை இலவசமாகத் தருகின்றன, ஹார்னடி, சியரா, லைமன் புத்தகங்களும் இருக்கின்றன. இரண்டு இடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். பட்டியலில் கொடுத்திருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உச்ச அளவுக்குக் கீழேயே எங்காவது நல்ல குரூப், அதாவது குண்டுகள் நெருக்கமாக விழுவது, கிடைத்தால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

எதற்கு இந்தக் கெடுபிடி என்றால், .308 வின்செஸ்டருக்கும் 6.5 கிரீட்மோருக்கும் அமெரிக்கத் தொழில் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம். அது நடப்பது உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

இன்னொன்று, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தொடக்க அளவுக்கும் கீழே போகாதீர்கள். மெதுவாக எரியும் பவுடரைப் பெரிய கூட்டில் ரொம்பக் குறைத்துப் போட்டபோது அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய சம்பவங்கள் உண்டு. குறைவாகப் போட்டால் குண்டு பேரலிலேயே சிக்கிக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

எச்4350 எங்கயுமே ஸ்டாக் இல்ல. ஐஎம்ஆர் 4350 இருக்கு, நம்பர் ஒண்ணுதானே?

நம்பர் ஒன்று, பவுடர் வேறு. அக்யூரேட் 4350 என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. மூன்றும் எரியும் வேகத்தில் வித்தியாசம் உண்டு, ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டுச் சுடக்கூடாது. 4831-லும் இதே கதைதான். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதே பெயருக்கான பட்டியல்தான் செல்லும்.

இதனாலேயே மேஜையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் அளவைக் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடி உள்ளே வைத்துவிடுங்கள், மறுநாள் கருவியில் கருப்பாக ஏதோ கிடந்தால் அது எந்தப் பவுடர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சந்தேகம் வந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான், நல்ல டப்பாவில் கலந்துவிடாதீர்கள்.

பட்டியல்ல இருக்கற குண்டு என்கிட்ட இல்ல, ஆனா எடை அதேதான். ஓகேவா?

எடை ஒன்றாக இருந்தாலும் நீளம், பேரலோடு உராயும் பரப்பு, மேல்தகட்டின் கெட்டித்தன்மை எல்லாம் மாறும், அழுத்தமும் மாறும். அந்தக் குண்டுக்கே உரிய பட்டியலைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் குண்டுக் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள், பதில் போடுவார்கள்.

குண்டு மட்டுமில்லை. பிரைமரை மாற்றினாலும், கூட்டின் கம்பெனியை மாற்றினாலும், குண்டை முன்பைவிட வெளியே நீட்டி பேரலின் உள்ளே இருக்கும் சுழல் வரிகளில் முட்டுகிற மாதிரி உட்கார வைத்தாலும் மறுபடி கீழே இருந்து ஆரம்பிக்க வேண்டும். .308-க்கு எடுத்துக்கொள்ளும் ராணுவ 7.62 நேட்டோ கூடுகளில் சுவர் தடிமன் அதிகம், உள்ளே இடம் குறைவு, அதனால் அதே அளவு பவுடருக்கு அழுத்தம் கூடும். ரேஞ்சில் பொறுக்கிய கூடுகளை ஒன்றாகக் கலந்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தராசு டிஜிட்டலா, பழைய கம்பித் தராசா?

எது இருந்தாலும் சரி, கூடவே சோதனை எடைக்கல் வைத்திருங்கள். டிஜிட்டல் தராசு ஏசி காற்றுக்கும் பக்கத்தில் இருக்கும் போனுக்கும் ஊசலாடும். ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, நடுவில் சில தடவை எடைக்கல்லைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், அலகு. ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். சின்ன டிஜிட்டல் தராசுகளில் ஒரே பட்டனைத் தட்டினால் கிராம், காரட், கிரெய்ன் என்று மாறிக்கொண்டே போகும், கை பட்டு மாறிவிடும். எடைக்கல் அந்தக் குழப்பத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே கூட்ல ரெண்டு தடவை பவுடர் போட்டுட்டா?

நீள்தூர ரைபிள் கூட்டில் பவுடர் பெரும்பாலும் முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பும், இரண்டாவது தடவை போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அந்த வசதி இல்லை. ரைபிளில் நான் அதிகம் பயப்படுவது பவுடரே போடாமல் விடுவதைத்தான், அது பற்றிக் கீழே 'டிக்' கேள்வியில் இருக்கிறது.

கூடுகளைத் துளைப் பலகையில் நிறுத்தி, பவுடர் போட்டபின் குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள், எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். நடுவில் யாராவது கூப்பிட்டால் கையிலிருக்கும் கூட்டைக் கவிழ்த்து, பவுடரைத் திரும்ப எடுத்துவிட்டு எழுந்து போங்கள்.

ஒரு கூட்டை எத்தனை தடவை யூஸ் பண்ணலாம்?

இத்தனை என்று கணக்கு கிடையாது, கூட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் விரிசல் வந்தால் குப்பை. பிரைமர் அமரும் குழி தளர்ந்து, பிரைமர் லேசாக அழுத்தினாலே உள்ளே போனால் குப்பை. முக்கியமானது அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளவென்று வரும் கோடு. அந்த இடத்தில் பித்தளை நீண்டு மெலிந்திருக்கிறது, அடுத்த தடவை கூடு இரண்டாகப் பிய்ந்து சூடான வாயு, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் பக்கம் திரும்பலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையைக் கொஞ்சம் வளைத்து, கூட்டின் உள்சுவரில் கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் விழுகிற மாதிரி தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

இதைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. டையில் அழுத்தும்போது கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பகுதியைத் தேவைக்கு மேல் பின்னால் தள்ளாதீர்கள், போல்ட் ரைபிளுக்கு 0.002 அங்குலம் போதும். நீளத்தையும் அளங்கள். .308 கூடு 2.015 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கழுத்து சேம்பரின் முனையில் முட்டிக் குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும்.

அழுத்தம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? பிரைமர் தட்டையாச்சான்னு பார்த்தா போதுமா?

போதாது. சில பிரைமர் மென்மையானது, சரியான அழுத்தத்திலேயே தட்டையாகும். தோளை அதிகம் பின்னால் தள்ளியிருந்தால் அழுத்தம் குறைவாக இருக்கும்போதும் தட்டையாகத் தெரியும். நான் அதிகம் நம்புவது போல்ட் கைப்பிடியை. சுட்டபின் கைப்பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக எழும்பினால் அன்றைக்கு அந்த லோடை, அதாவது அந்தப் பவுடர் அளவில் செய்த தோட்டாக்களை, நிறுத்திவிடுங்கள். கூட்டின் அடியில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை பதிந்து பளபளவென்று ஒரு வட்டம் தெரிந்தாலும் அப்படியே. பிரைமரைச் சுற்றிக் கரி கசிந்திருந்தால் நிச்சயமாக அதிகம்.

இந்த அடையாளங்கள் எல்லாம் எல்லையைத் தாண்டிய பிறகு வருபவை என்பதுதான் சிக்கல். அதற்கு முன்பே சொல்வது குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். ஒத்த பேரல் நீளத்துக்குப் பட்டியலின் உச்ச வேகத்தை நீங்கள் அதைவிடக் குறைந்த பவுடரில் தாண்டிவிட்டால், உச்ச அழுத்தத்தையும் தொட்டுவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "என் பேரல் வேகமான பேரல்" என்று பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

ஜனவரியில நல்லா இருந்த லோடு ஆகஸ்ட்ல போல்ட் இறுகுது. என்ன ஆச்சு?

சூடு. பவுடர் சூடாக இருந்தால் அழுத்தம் கூடும், சில பவுடரில் ரொம்பவே. வார்கெட், எச்4350 போன்றவற்றை வெப்பத்துக்கு அதிகம் அசையாத மாதிரி தயாரிக்கிறார்கள், அவையும் கொஞ்சம் அசையும். குளிர்காலத்தில் உச்சத்தை ஒட்டி லோடு செய்து வைத்தவருக்கு டெக்சாஸ் வெயிலில் இடம் மிச்சமில்லாமல் போகும். தோட்டாப் பெட்டியை வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். தொடர்ந்து சுட்டுச் சூடான சேம்பரில் ஒரு தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்று பார்த்துக்கொண்டு உட்காருவதும் இதே தப்புதான்.

சுட்டா 'டிக்'னு மட்டும் சத்தம் வருது. உடனே போல்ட்டைத் திறக்கலாமா?

திறக்காதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே குறைந்தது 30 விநாடி காத்திருங்கள், தாமதமாகப் பற்றும் தோட்டா உண்டு. பிறகு திறந்து, வெளியே வருவதைப் பாருங்கள். பிரைமரில் ஊசி பட்ட குழியோடு தோட்டா முழுசாக வந்தால் பிரைமர் கோளாறு.

கூடு மட்டும் வந்து குண்டு வராவிட்டால், அல்லது சத்தம் 'டப்' என்று மந்தமாக இருந்தால், குண்டு பேரலுக்குள் இருக்கிறது. பவுடர் போட மறந்த கூட்டில் பிரைமர் மட்டுமே வெடித்துக் குண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடும். அதன்மேல் இன்னொரு தோட்டா சுட்டால் பேரல் பிளக்கும். அன்றைய சுடுதல் அத்தோடு சரி, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். போட்டியில் நேரம் ஓடுகிறது என்று அடுத்ததைப் போடுகிற அவசரம்தான் ஆளைக் கெடுக்கும்.

வீட்ல சின்னக் குழந்தை இருக்கு. ஈயம் பத்தி சொல்றாங்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். குண்டில் இருக்கும் ஈயத்தைவிட, வெடித்த பிரைமரின் தூசிதான் மோசம், அது கண்ணுக்குத் தெரியாது. சுட்ட கூடுகளைச் சோளத்தக்கைத் தூளில் போட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்யும் எந்திரத்தைத் திறக்கும்போது அந்தத் தூசி கிளம்பும். அதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், முகக்கவசம் போட்டு வெளியில் செய்யுங்கள், அல்லது தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறுங்கள். அடுக்களை சிங்க்கில் அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் அளவைக் குறைத்தது. ரீலோடிங் மேஜையில் டீ, முறுக்கு எதுவும் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். வருடம் ஒருமுறை உங்கள் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ளலாம்.

ரிட்டயர் ஆன ஒருத்தர் ஒரு பெட்டி நிறைய ரீலோட் பண்ண தோட்டா சும்மாவே குடுத்தார். சுடலாமா?

சுடாதீர்கள். லேபிள் அழகாக எழுதியிருந்தாலும் சுடாதீர்கள். காரணம் மேலே, நண்பர்களுக்குக் கொடுப்பது பற்றிய பதிலில் இருக்கிறது. குண்டு பிடுங்கும் சுத்தியலால் பிரித்து, பவுடரைத் தூக்கிப்போட்டுவிட்டு, குண்டையும் கூட்டையும் எடுத்துக்கொள்ளலாம். திறந்த பவுடர் டப்பா கொடுத்தாலும் இதே பதில்தான், உள்ளே இருப்பது லேபிளில் உள்ளதுதானா என்று உங்களுக்குத் தெரியாது.

பவுடர் கெட்டுப்போச்சான்னு எப்படிப் பார்க்கிறது?

திறந்து பாருங்கள். நல்ல பவுடரில் ஈதர் மாதிரி லேசான வாசனை வரும். கெட்டதில் மூக்கைக் குத்தும் அமில நெடி, செம்பழுப்புப் புகை, டப்பா உள்பக்கம் துரு நிறத் தூள். அப்படி இருந்தால் வைத்திருக்காதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றக்கூடியது. உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டால் எங்கே கொடுப்பதென்று சொல்வார்கள். குப்பைத் தொட்டியில் போடக்கூடாது.

ஊருக்குப் போறப்ப பிரஸ்ஸையும் கொஞ்சம் சாமானையும் எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. பிரைமரையும் பவுடரையும் விமானத்தில் கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, ஏற்றவே முடியாது. அது கிடக்கட்டும், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்கள் மட்டுமில்லை, தோட்டா செய்யும் எந்திரமும் 'தோட்டா' என்ற வரையறைக்குள் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வதும் குற்றம். பிரஸ் வெறும் இரும்புச் சாமான்தானே என்று கஸ்டம்ஸில் வாதாட முடியாது.

இதைவிட அடிக்கடி நடப்பது பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டா. ஸ்கேனரில் தெரிந்துவிடும், மறந்துவிட்டேன் என்று சொன்னாலும் போலீஸ், எஃப்ஐஆர், தவறிய விமானம் என்று போகும். ரேஞ்சுக்கு ஒரு பை என்று தனியாக வைத்துக்கொண்டு, அதை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பிள்ளைகள் விளையாட எடுத்த காலிக் கூடு துணிக்குள் இருக்கிறதா என்றும் பெட்டி கட்டும்போது ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.